அடுக்களைப் புகையும் அஞ்சப்படும் பெட்டியும்

குறுந்தொகையின் 167ஆம் பாடலைத் தமிழ் பயின்றவர் எளிதில் மறப்பதில்லை. கூடலூர் கிழார் பாடிய அப்பாடலில், புதிதாகத் தனிக்குடித்தனம் தொடங்கிய இளம்பெண் ஒருத்தி தயிர் பிசைந்த விரல்களை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்பின் புகை மையுண்ட கண்களில் ஏற, தானே துழாவிப் புளிக்குழம்பு சமைக்கிறாள். கணவன் இனிதென்று சொல்லி உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. மகளின் வீட்டைக் கண்டு வந்த செவிலித்தாய் இதை நற்றாயிடம் மகிழ்ச்சியோடு எடுத்துரைக்கிறாள். தாளிப்புக்குச் சங்கத் தமிழ் 'குய்' என்று பெயரிட்டிருக்கிறது. அந்தப் புகையை அன்பின் அணிகலனாகவே பெரும்பாலும் வகுப்பறைகள் விளக்கிவந்துள்ளன. அது நாள்தோறும் மூன்று வேளை, முப்பது ஆண்டுகள் அவள் நுரையீரலில் என்ன செய்யும் என்ற கேள்வி இலக்கிய விளக்கத்துக்குள் வருவதில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை என்று கருதுவோர் உண்டு. ஆனால் அதே கேள்வி, வீடு கட்டுவோரின் வரைபடத்துக்குள்ளும் வருவதில்லை என்பதுதான் இங்கே பேச வேண்டியது.

பழைய சேரநாட்டின் கரையில் இருக்கும் கொச்சியை எடுத்துக்கொள்ளலாம். திருப்பூணித்துறையில் பூர்ணத்ரயீசர் கோவிலைச் சுற்றிய வீதிகளில் தமிழ்ப் பிராமணக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவருகின்றன. ஊரைச் சுற்றி அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் அடுக்களைகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும்: கேஸ் அடுப்பு, அதன் மேல் பளபளக்கும் சிம்னி, மேடையின் மூலையிலோ தலைக்கு மேலுள்ள அலமாரியிலோ ஒரு மைக்ரோவேவ் அடுப்பு. இவ்விரு கருவிகளில் மைக்ரோவேவ் அஞ்சப்படுகிறது. சிம்னி முழுமையாக நம்பப்படுகிறது. அச்சமும் நம்பிக்கையும் இடம் மாறி அமர்ந்திருக்கின்றன.

மைக்ரோவேவ் மீதான அச்சத்தின் வேர் 'கதிர்வீச்சு' என்ற சொல். இரண்டாம் உலகப் போரில் ரேடாருக்காக உருவான மேக்னட்ரான் என்னும் குழலே இந்த அடுப்பின் உயிர். 1945இல் அமெரிக்காவின் ரேத்தியான் நிறுவனத்தில் பணியாற்றிய பெர்சி ஸ்பென்சர், இயங்கும் மேக்னட்ரானின் அருகே நின்றபோது சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்தார் என்பது புகழ்பெற்ற செய்தி. 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆளுயரமும் 340 கிலோ அளவு எடையும் கொண்டிருந்தது. மேடைமேல் வைக்கும் சிறிய வடிவம் வீடுகளுக்குப் பரவியது 1967க்குப் பிறகு. போர்க்கருவியின் வழித்தோன்றல் என்பதாலோ, பெட்டிக்குள் நெருப்பே தெரியாமல் உணவு சூடாவதாலோ, அணு உலையோடு இதைச் சேர்த்துப் பேசும் வழக்கம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இன்றும் ஓயவில்லை.

இவ்வடுப்பின் அலைகள் 2450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் உடையவை. வீட்டு வைஃபையின் ஒரு அலைவரிசையும் அதே பகுதியில்தான் இயங்குகிறது. அடுப்பின் ஆற்றல் மிகப் பெரிது, அவ்வளவே வேறுபாடு. எக்ஸ் கதிரைப்போல் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கும் திறன் இவற்றுக்கு இல்லை. உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை இடைவிடாது திருப்பிப்போட்டுச் சூடாக்குகின்றன. மின்சாரம் நின்றால் அலையும் நின்றுவிடும். உணவில் எதுவும் தங்குவதில்லை. கதவுக் கண்ணாடியில் தெரியும் துளைத்தகட்டின் துளைகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்; அலையின் நீளமோ 12 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அதனால் ஒளி அத்துளைகள் வழியே வெளியே வருகிறது, நுண்ணலை வருவதில்லை. அமெரிக்க விதிப்படி, கருவியின் ஆயுள் முழுவதும், பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவில் கசிவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. கையளவு தொலைவு விலகினாலே அதுவும் பல மடங்கு குறைந்துவிடும். இந்தியாவிலும் வீட்டு மின்கருவிகளுக்கான ஐஎஸ் 302 தரத் தொகுப்பில் மைக்ரோவேவ் அடுப்புக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது.

இவ்வளவு உறுதியும் கதவு ஒழுங்காக மூடும்வரைதான். கொச்சியில் இதைத் தனியே சொல்லத் தேவை இருக்கிறது. மட்டாஞ்சேரியின் உப்புக்காற்றும் ஆண்டில் பாதி நாள் நிற்காத ஈரமும் எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை. கீல் தளர்ந்து, கதவு விளிம்பில் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, அழுத்திப் பிடித்தால்தான் மூடும் என்ற நிலைக்கு வந்த அடுப்பை 'இன்னும் ஓடுகிறதே' என்று வைத்திருப்பது சிக்கனம் ஆகாது. பின்புறக் காற்றுத்துளை வழியே பல்லி புகுந்து மின்பலகையில் மாண்டுபோவதும் இக்கரையில் அரிய செய்தியல்ல.

உண்மையான இடர்கள் வேறு. அவை எல்லாம் வெப்பத்தின் இடர்களே. வழவழப்பான கண்ணாடிக் குவளையில் தூய நீரை நெடுநேரம் சூடாக்கினால், கொதிநிலையைத் தாண்டியும் குமிழ் எழாமல் அமைதியாக நிற்கும். அதில் காப்பித்தூளோ கரண்டியோ பட்டவுடன் நீர் முழுவதும் முகத்தை நோக்கிச் சீறும். முதலிலேயே ஒரு மரக்குச்சியை உள்ளே நிறுத்தி வைப்பதும், நேரம் முடிந்தபின் அரை நிமிடம் கதவைத் திறக்காதிருப்பதும் போதும். ஓட்டோடு வைத்த முட்டை வெடிக்கும்; வேகவைத்த முட்டையும் விதிவிலக்கல்ல. மூடி இறுக்கிய டப்பாவும் அப்படியே. எவர்சில்வர் கிண்ணம் தமிழ் அடுக்களையின் தாய்ப்பாத்திரம். அதை உள்ளே வைத்து மேலே ஈயத்தாளும் சுற்றிப் பொறி பறக்கக் கண்ட வீடுகள் ஏராளம். பொன்விளிம்பு இட்ட விருந்தினர் தட்டும் பொறி கக்கும். ஓட்டல் பொட்டலமாக வரும் மெல்லிய பிளாஸ்டிக் டப்பாக்கள் ஒருமுறைப் பயனுக்கானவை. குழம்பின் எண்ணெய் நீரைவிடச் சூடேறி டப்பாவின் விளிம்பை உருக்கும். உருகியது குழம்பிலேயே கலக்கும். கண்ணாடியோ பீங்கானோ இருக்கும் வீட்டில் இதற்கு இடமே இல்லை.

சூடு சீராகப் பரவாது என்பதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் அலைகள் மோதித் திரும்பிச் சில புள்ளிகளில் வலுத்தும் சில புள்ளிகளில் ஓய்ந்தும் நிற்கும். தட்டு சுழல்வதே அதை ஈடுசெய்யத்தான். இரவு வெளியிலேயே கிடந்த சோற்றை மறுநாள் சூடாக்கினால், ஓரம் ஆவி பறந்தாலும் நடுவே குளிர்ந்த இடம் எஞ்சும். அதுவன்றி, சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமி முன்பே உமிழ்ந்துவிட்ட நச்சு எந்தச் சூட்டிலும் எளிதில் அழிவதில்லை. குழந்தையின் பால்புட்டியை இதில் சூடாக்கவே கூடாது. புட்டி கைக்கு இளஞ்சூடாக இருக்கும்போது உள்ளே ஒரு திரள் வாயைப் பொசுக்கும் சூட்டில் இருக்கலாம்.

உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காமல் மின்சாரத்தை நிறுத்துவதே வழி. காற்றில்லாமல் தீ தானே அடங்கும். பதறிக் கதவைத் திறப்பவரே தீக்குக் காற்று தருகிறார். இன்னொன்று, தெருமுனை மின்பணியாளரும் சில வேளை மறப்பது: இவ்வடுப்பின் உள்ளே ஈராயிரம் வோல்ட்டைத் தாண்டிய மின்னழுத்தம் உண்டு, அதைச் சேமிக்கும் கெபாசிட்டர், பிளக்கை உருவிய பின்னும் உயிர் பறிக்கும் அளவுக்கு மின்னேற்றத்தோடு இருக்கக்கூடும். யூடியூபைப் பார்த்து மேலுறையைக் கழற்றுவது வீட்டு வேலை அன்று. 16 ஆம்பியர் சாக்கெட்டும், நில இணைப்பும், 30 மில்லியாம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சுவிட்சும் வேண்டும். துலாவர்ஷ மாலைகளில் இடி இறங்கும் முன் பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் கேரளத்தில் ஏற்கெனவே உண்டு. அது நல்ல பழக்கம்.

இனி, எவரும் அஞ்சாத சிம்னி.

எண்ணெய் பொரியும் புகை வெறும் மணம் அல்ல. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2010இல் வெளியிட்ட 95ஆம் தொகுதியில், உயர்வெப்பப் பொரித்தலின் புகையை 'மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்க வாய்ப்புள்ளது' என்னும் 2ஏ பிரிவில் வைத்தது. அதே தொகுதி, வீட்டினுள் நிலக்கரி எரிப்பதை முதற்பிரிவிலும், விறகுப் புகையை 2ஏ பிரிவிலும் சேர்த்தது. பொரித்தல் பற்றிய மனித ஆய்வுகள் பெரும்பாலும் புகைபிடிக்காத சீனப் பெண்களின் நுரையீரல் புற்றுநோயைச் சார்ந்தவை. சான்று வரம்புக்குட்பட்டது என்றே முகமையும் சொன்னது. அந்த நேர்மையைக் கைவிடாமலே ஒன்று கேட்கலாம். செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் 175 பாகை செல்சியஸ் அளவில் புகையத் தொடங்கும். நேந்திரங்காய் உப்பேரியோ மீனோ பொரியும் வெப்பமும் அதே அளவுதான். அதாவது, இக்கரையின் மிக விருப்பமான உணவுகள் எண்ணெய் புகையும் எல்லையிலேயே பொரிகின்றன. கேஸ் தழல் தன்பங்குக்கு நைட்ரஜன் டையாக்சைடைச் சேர்க்கிறது. உலக சுகாதார அமைப்பு 2021இல் அந்த வாயுவுக்கான ஆண்டுச் சராசரி வரம்பை ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராமாகக் குறைத்தது.

இந்தப் புகையை வெளியேற்றுவதே சிம்னியின் ஒரே வேலை. ஆனால் அடுக்குமாடிகளில் விற்கப்படுபவற்றில் ஒருவகைக்கு வெளியே செல்லும் குழாயே கிடையாது. காற்றை உறிஞ்சி, எண்ணெய்த் துளியை வலையிலும் மணத்தைக் கரித்தூளிலும் பிடித்துக்கொண்டு, மீதியை அதே அறையில் திருப்பி ஊதும். நைட்ரஜன் டையாக்சைடும், கார்பன் மோனாக்சைடும், ஈரமும் அறையிலேயே தங்கும். கரித்தூள் சில மாதங்களில் செயலிழந்த பின், அது ஒலியெழுப்பும் விளக்கு மட்டுமே. இதைச் சிம்னி என்ற பெயரிலேயே விற்பது, கூரையில்லாத குடையைக் குடை என்று விற்பதற்கு ஒப்பு.

குழாய் உள்ள வகையிலும் பிழைகள் உண்டு. மணிக்கு 1000 கனமீட்டர் உறிஞ்சும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். எட்டடிக்கு எட்டடி, பத்தடி உயர அடுக்களையின் மொத்தக் காற்று ஏறத்தாழ 18 கனமீட்டர். கணக்குப்படி ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்தில் அறையே காலியாக வேண்டும். அவ்வளவு காற்று வெளியேற அவ்வளவு காற்று உள்ளே வந்தாக வேண்டுமல்லவா? சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு உயர்வேகத்தில் சிம்னியை ஓட்டுபவர் மூடிய புட்டியை உறிஞ்சுகிறார். எதிர்ப்பக்கச் சன்னலை ஒரு சாண் திறந்தால் பாதி வேகத்திலேயே புகை வெளியேறும். குழாயின் ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கிறது. நெளிகுழாயை அலமாரிக்குள் மூன்று முறை மடக்கிப் பொருத்தியிருப்பதைப் பார்த்தால், அட்டையின் எண் வீட்டுக்குரியது அல்ல என்பது விளங்கும். அடுப்புக்கும் சிம்னிக்கும் இடையே 65 முதல் 75 சென்டிமீட்டர் விடச் சொல்கின்றன பெரும்பாலான கையேடுகள். அழகுக்காக மேலே ஏற்றினால் புகை பக்கவாட்டில் தப்பும்; கீழே இறக்கினால் எண்ணெய்ப்பிசுக்கில் தீ பற்றும். தானே துப்புரவு செய்துகொள்ளும் என்று விளம்பரப்படுத்தப்படும் வகை, விசிறியில் ஒட்டிய எண்ணெயைச் சூடாக்கி ஒரு கிண்ணத்தில் வடிக்கிறது. குழாயில் படிந்ததை அது தொடுவதில்லை. வாணலியில் தீப்பற்றினால் கேஸையும் சிம்னியையும் நிறுத்தி மூடியால் மூட வேண்டும். ஓடும் சிம்னி தழலைக் குழாய்க்குள் இழுக்கும். ஊற்றிய தண்ணீர் எரியும் எண்ணெயை அறை முழுவதும் தெறிக்க வைக்கும்.

சிம்னியின் மீதுள்ள குருட்டு நம்பிக்கை உயிரையே கேட்கும் இடம் ஒன்று உண்டு. கேஸ் கசிந்த மணம் வந்ததும், அதை வெளியேற்றச் சிம்னியையோ எக்ஸாஸ்ட் ஃபேனையோ போடுவது பலருக்குக் கைப்பழக்கம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; தரையோடு பரவித் தாழ்ந்த மூலைகளில் தேங்கும். தலைக்கு மேலிருக்கும் சிம்னி அதை எட்டுவதற்கு முன்பே, சுவிட்சில் எழும் பொறி அதை எட்டிவிடும். எந்தச் சுவிட்சையும் தொடாமல், போட்டதை நிறுத்தவும் செய்யாமல், சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிக் கதவு சன்னல்களைத் திறந்து வெளியேறி, வெளியே நின்று 1906 என்ற அவசர எண்ணை அழைப்பதே முறை.

2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீ மூண்டு பத்து நாட்களுக்கு மேல் புகைந்தபோது, இக்கருவிகளின் மெய்ப்பொருள் வெளிப்பட்டது. திருப்பூணித்துறைக்கு அப்புகை அண்டை வீட்டுப் புகை. பிளாஸ்டிக் எரிந்த காற்று உள்ளே வராமல் சன்னலை அடைத்து வீட்டிலேயே இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பின்னர் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. முகக்கவசங்கள் பற்றி நாளிதழ்கள் எழுதின. அடைத்த வீட்டுக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்ததைப் பற்றிப் பேச்சே எழவில்லை. குழாயுள்ள சிம்னியை ஓட்டினால், வெளியேறும் காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்குகளின் வழியே நச்சுப்புகை உள்ளே இழுபடும். ஓட்டாவிட்டால் தாளிப்பின் புகை தங்கும். குழாயில்லாத வகையோ எதையும் தீர்க்காது. அப்படிப்பட்ட நாளில் தழலும் பொரிப்பும் இல்லாமல் சமைப்பதே அறிவுடைமை. பிரஷர் குக்கரை இன்டக்‌ஷன் அடுப்பில் ஏற்றுவது, காய்கறியை மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் சிறிது நீர் விட்டு மைக்ரோவேவில் அவிப்பது ஆகியவையே மிகக் குறைந்த புகை தருபவை. ஆண்டு முழுதும் கதிர்வீச்சுப் பெட்டி என்று பழிக்கப்பட்டதுதான் அந்நாட்களில் வீட்டின் காற்றைக் காக்கக்கூடியதாக இருந்தது.

மட்டாஞ்சேரியில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில், சிம்னி என்பதே பெரும்பாலும் பிறர் வீட்டுப் பொருள். கோட்டைக் கொச்சியின் தோபிக்கானாவில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் சமூகத்தின் முன்னோர், டச்சுக்காரர் காலத்தில் அழைத்துவரப்பட்டவர்கள் என்று சொல்லப்படுகிறது. அத்தகைய குறுகிய குடியிருப்புகளில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் எதிரே ஒரு திறப்பும் இருந்தாலே பேருதவி. ஃபேன் அடுப்புக்கு நேர் மேலே, கூரைக்கு அருகே அமைந்து, அண்டை வீட்டுச் சன்னலுக்குள் ஊதாமலும் இருக்க வேண்டும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளர் இசையாததால் நிற்கும் புகை எவ்வளவு என்பதை எந்த ஆவணமும் பதிவதில்லை.

அடுக்களைப் புகையை அளந்தவர்கள் இல்லாமல் இல்லை. 1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் குஜராத் கிராமங்களில் அடுப்பருகே நின்ற பெண்களின் மூச்சுக்காற்றை அளந்தார். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் தமிழகக் கிராம வீடுகளில் அதைத் தொடர்ந்து, எரிபொருளைப் போலவே அடுக்களையின் அமைப்பும் புகையின் அளவைத் தீர்மானிக்கிறது என்று காட்டினார். வீட்டினுள் எழும் காற்று மாசால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. அவ்விறப்புகள் விறகு, சாணவறட்டி, நிலக்கரி, மண்ணெண்ணெய் ஆகியவற்றைச் சார்ந்தவை. கேஸ் அடுப்புள்ள அடுக்குமாடியை அவற்றோடு சமன்படுத்துவது பிழை. ஆயினும் 'பாட்டி புகையிலேயே வாழ்ந்து தொண்ணூறு வயது கண்டாள்' என்று சொல்பவர், நாற்பதில் இருமியே மறைந்த பாட்டியின் தங்கையைச் சொல்வதில்லை.

புகையைக் கூட்டுவது பெரும்பாலும் சமைப்பவரின் விருப்பமும் அன்று. 2021இல் வெளிவந்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' என்னும் மலையாளப் படத்தில், சோறு விறகடுப்பில் வெந்தால்தான் சுவை என்று மாமனார் மென்மையான குரலில் கேட்டுக்கொள்கிறார். அந்த மென்மைதான் பல வீடுகளின் சட்டம். மைக்ரோவேவில் சூடாக்கிய குழம்பு 'செத்தது' என்று ஒதுக்கப்படுகிறது. சிம்னியின் இரைச்சலில் தொலைக்காட்சி கேட்கவில்லை என்று கூடத்திலிருந்து குரல் எழுந்ததும் அது நிறுத்தப்படுகிறது. தலைக்கு மேலே பொருத்திய மைக்ரோவேவிலிருந்து கொதிக்கும் கிண்ணத்தைக் கை உயர்த்தி எடுக்க வேண்டியவள் ஐந்தடி உயரப் பெண் என்பது, அலமாரியை வரைந்தவருக்குத் தோன்றுவதில்லை. வாங்கும் கையும் வரையும் கையும் சமைக்கும் கையாக இருப்பதில்லை.

எனவே அறிவுரை முழுவதையும் சமைப்பவரின் தலையில் ஏற்றுவது நேர்மை அன்று. கேரள நகராட்சிக் கட்டட விதிகள் 2019ஆம் ஆண்டிலேயே புதுப்பிக்கப்பட்டவை. அவற்றின்கீழ் ஒப்புதலுக்கு வரும் ஒவ்வொரு குடியிருப்பு வரைபடத்திலும், அடுக்களையிலிருந்து வெளிச்சுவர் வரை புகைக்குழாயின் வழி, நேராகவும் குறுகியதாகவும், வரைந்து காட்டப்பட வேண்டும். கழிப்பறைக் குழாய்க்கு வழி காட்டாத வரைபடத்தை எந்த அலுவலரும் ஏற்கமாட்டார். தாளிப்புப் புகைக்கு வழி காட்டாததை மட்டும் ஏன் ஏற்க வேண்டும்? வெளியேற்றும் குழாயில்லாத கருவியின் அட்டையில், அது எரிவாயுப் புகையை வெளியேற்றாது என்று மலையாளத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் அச்சிடச் செய்வதும் கடினமான செயல் அன்று. வீடு பார்க்கப் போகும் குடும்பங்கள் பூசை அறையின் திசையையும் கார் நிறுத்துமிடத்தையும் கேட்பதோடு, சிம்னிக் குழாய் எந்தச் சுவரில் முடிகிறது என்றும் கேட்கத் தொடங்கலாம். ஆறங்குலத் துளை ஒன்றைச் சுவர் எழும்போதே விடுவதற்குச் செலவு மிகச் சிறிது. குடிபுகுந்த பின் அதையே போட, குடியிருப்போர் சங்கத்தின் இசைவும், கொத்தனாரும், தூசி பறக்கும் இரண்டு நாட்களும் வேண்டும்.